மிளகு போட்டால் மானியம் போச்சு: வார்சாவின் பால் பார்களில் சாப்பிட்ட கதை

வார்சாவுக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து இறங்குகிற நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, சைவமாகவும் மலிவாகவும் எங்கே சாப்பிடுவது என்பதுதான். இந்திய உணவகங்கள் இங்கே நிறைய வந்துவிட்டன. ஆனால் அங்கே ஒரு மசால் தோசைக்குக் கொடுக்கும் காசில் சூப், ஒரு தட்டு நிறையச் சாப்பாடு, குடிக்க ஒரு டம்ளர் பழரசம் எல்லாம் தருகிற இடம் ஒன்று இருக்கிறது. பார் ம்லெச்னி என்பார்கள். பால் பார். மது கிடையாது, பயப்படாமல் உள்ளே போகலாம்.

நான் கணக்கு எழுதுகிறவன். மேற்கு ஐரோப்பாவில் இருக்கிற ஒரு கம்பெனியின் வரவு செலவை வார்சாவில் உட்கார்ந்து சரிபார்ப்பது என் வேலை. 1989-இல் கம்யூனிச ஆட்சி முடிந்து போலந்து தலைகீழாக மாறியதால்தான் இப்படி ஒரு வேலையே இங்கே வந்தது, அதனால்தான் நானும் வந்தேன். சாப்பாட்டுக்கு முன்னால் ரசீதைப் பார்க்கிற புத்தி எனக்கு. இந்த விமர்சனத்திலும் அது தெரியும்.

முதலில், எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லிவிடுகிறேன். உள்ளே நுழைந்ததும் சுவரில் பெரிய பலகை இருக்கும். பழைய கடைகளில் இன்னும் பிளாஸ்டிக் எழுத்துகளைக் கோடுகளில் செருகித்தான் பட்டியல் போடுகிறார்கள். ஒரு பதார்த்தம் தீர்ந்துவிட்டால் அந்த வரியையே உருவி எடுத்துவிடுவார்கள். நீங்கள் வரிசையில் நிற்கும்போதே, பார்த்து வைத்திருந்த அயிட்டம் கண் முன்னால் காணாமல் போகும். வரிசை முடிந்தால் காசாளர் அம்மா. அவரிடம் காசைக் கட்டி ரசீது வாங்கி, பக்கத்தில் இருக்கும் ஜன்னலில் அந்த ரசீதை நீட்ட வேண்டும். அந்தப் பக்கம் சமையல்கட்டு அப்படியே தெரியும்: ஆவி, பெரிய பெரிய அண்டாக்கள், வெள்ளைத் தொப்பி போட்ட பெண்கள். தயாரானதும் பதார்த்தத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். "ரூஸ்கியே!" என்று குரல் வந்தால் ரூஸ்கியே கேட்டவர் எழுந்து போக வேண்டும். நான்கு பேர் அதையே கேட்டிருந்தால் நான்கு பேரும் எழுந்து போய் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சாப்பிட்டு முடித்ததும் எச்சில் தட்டை நாமே எடுத்துப் போய் இன்னொரு ஜன்னலில் வைக்க வேண்டும். மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்தால், பக்கத்து மேஜைப் பாட்டி உங்களைப் பார்க்கும் பார்வை வாசல் வரைக்கும் கூட வரும்.

இனி சாப்பாடு. பியெரோகி ரூஸ்கியேதான் ராஜா. மைதா மாவை மெல்லியதாகத் தேய்த்து, மசித்த உருளைக்கிழங்கும் உப்பு போட்ட ட்வாரோக் பாலாடைக்கட்டியும் பூரணமாக வைத்து, அரைவட்டமாக மடித்துக் கொதிநீரில் வேகவைத்தது. மேலே பொன்னிறமாக வதக்கிய வெங்காயம். மிளகு தாராளமாக இருந்தால் நம் நாக்குக்கும் ஒத்துவரும். நலேஷ்னிகி என்பது இனிப்புப் பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிய மெல்லிய அடை. லெனிவே எனக்கு மிகவும் பிடித்தது. பாலாடைக்கட்டியையும் மாவையும் பிசைந்து துண்டு போட்டு வேகவைத்து, உருக்கிய வெண்ணெய், ரொட்டித் தூள், சர்க்கரை தூவித் தருவார்கள். இதை மதியச் சாப்பாடாகவே சாப்பிடுகிறார்கள். ப்ளாட்ஸ்கி என்பது உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்ட வடை மாதிரி ஒன்று, சுடச்சுட இருக்கும்போது மட்டும் நல்லது. காஷா என்கிற கோதுமை போன்ற தானியம், புளித்த பாலேட்டில் ஊறிய வெள்ளரிக்காய், ஒரு டம்ளர் கெஃபிர் மோர். கோடையில் ஹ்வோட்னிக் வரும்: பீட்ரூட்டும் வெள்ளரியும் கெஃபிரும் சேர்த்த குளிர்ந்த சூப், பார்க்க ரோஸ் நிறம். ஜூலை வெயிலில் அதைக் குடித்துவிட்டு யாரும் போலந்துச் சமையலைக் குறை சொல்ல முடியாது.

ஸ்ட்ராபெர்ரி சாஸ் ஊற்றிய மக்கரோனியும், ஆப்பிளும் இலவங்கப்பட்டையும் போட்டுப் பாலேடு ஊற்றிய சோறும் பட்டியலில் இருக்கும். இங்கே குழந்தைகள் அதற்கு உயிரை விடுகிறார்கள். சோற்றை அப்படிப் பார்க்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. நீங்கள் முயன்று பாருங்கள்.

சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பியெரோகியின் மேல் ஸ்க்வார்கி என்று பன்றிக் கொழுப்பை வறுத்துத் தூவும் பழக்கம் உண்டு. "பெஸ் ஸ்க்வாரெக்" என்று காசு கட்டும்போது ஒருமுறை, ஜன்னலில் ஒருமுறை என இரண்டு இடத்திலும் சொல்லுங்கள். ஒரு கடையில் இரண்டு இடத்திலும் சொன்ன பிறகும் தூவித்தான் தந்தார்கள். மாற்றித் தரச் சொன்னால், கரண்டியால் ஒதுக்கிவிட்டு அதே தட்டைத் திரும்ப நீட்டினார் அந்த அம்மா. சூப்புகளில் காய்கறிப் பெயர் இருந்தாலும் எலும்பு வேகவைத்த தண்ணீராக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். ஷூரெக் சூப்பில் பெரும்பாலும் கொத்திறைச்சிக் குழல் மிதக்கும்.

சரி, ரசீதுக்கு வருகிறேன். பால் பார் ரசீதில் இரண்டு விசித்திரங்கள். ஒன்று, எல்லாவற்றுக்கும் கிராம் போட்டிருக்கும். சோறு இவ்வளவு, அதன் மேல் சாஸ் இவ்வளவு, வெண்ணெய் இவ்வளவு. பாலேடு வேண்டுமென்றால் அது தனி வரி. இன்னொன்று, விலைகள் முழு எண்ணில் வராது. மற்ற உணவகங்களில் 32 ஸ்லோட்டி, 38 ஸ்லோட்டி என்று இருக்கும். இங்கே ஏழு ஸ்லோட்டி நாற்பத்து மூன்று க்ரோஷ் (நூறு க்ரோஷ் ஒரு ஸ்லோட்டி) என்கிற ரீதியில் வரும். மற்றவர்களுக்கு இது எரிச்சல், எனக்கு ஆனந்தம். விலையை யாரோ தோராயமாக எழுதிவிடவில்லை என்பதற்கு அந்த மூன்று க்ரோஷ்தான் சாட்சி. இத்தனை கிராம் மாவு, இத்தனை கிராம் உருளை, அதன் கொள்முதல் விலை, அதன் மேல் அனுமதிக்கப்பட்ட லாபம் என்று கூட்டி வந்த தொகை அது.

அனுமதிப்பது யார்? போலந்தின் நிதி அமைச்சகம். பால், மாவு, முட்டை, காய்கறி கொண்டு செய்யும் சைவப் பதார்த்தங்களுக்கு, அவற்றில் போகும் மூலப்பொருள் விலையின் ஒரு பங்கை மத்திய பட்ஜெட்டிலிருந்து மானியமாகத் தருகிறார்கள். அந்த மானியம் வாங்குகிற கடை, லாபத்தை ஓர் உச்சவரம்புக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். பன்றிக் கட்லெட்டும் விற்கலாம், ஆனால் அதற்கு அரசு காசு தராது. அதனால்தான் பட்டியலில் சைவம் மலிவாகவும் இறைச்சி ஏறக்குறைய மற்ற இடங்களின் விலையிலும் இருக்கிறது. படித்ததும் உங்களுக்கு அம்மா உணவகம் ஞாபகம் வந்திருக்கும். ஒரு வித்தியாசம்: அங்கே மாநகராட்சியே அடுப்பு மூட்டுகிறது. இங்கே அடுப்பு தனியாருடையது, அல்லது ஸ்போவெம் போன்ற பழைய கூட்டுறவுச் சங்கத்துடையது. அரசு தருவது கணக்குப் பார்த்துத் தரும் காசு மட்டும்.

கணக்குப் பார்ப்பதில் அவர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு ஒரு கதை. 2015 தொடக்கத்தில் அமைச்சகம் ஒரு புதிய விதி கொண்டுவந்தது. மானியம் கிடைக்கும் பொருள்களின் பட்டியல் ஒன்று அதில் இருந்தது. மிளகு, மர்ஜோரம் போன்ற மசாலாக்கள் அந்தப் பட்டியலில் விடுபட்டுப் போயின. பட்டியலில் இல்லாத பொருளைச் சேர்த்தால் அந்தப் பதார்த்தத்துக்கே மானியம் சிக்கல். அதாவது பியெரோகியில் மிளகு போட்டால் மானியம் போச்சு! கடைக்காரர்கள் கொதித்தார்கள், பத்திரிகைகள் கிழித்தன, சில மாதத்தில் விதியைத் திருத்தினார்கள். தணிக்கைக்காரன் என்ற முறையில் அந்த அதிகாரி எப்படி யோசித்திருப்பார் என்று எனக்குப் புரிகிறது. சாப்பிடுகிறவன் என்ற முறையில் அவரை ஒரு மாதம் மிளகில்லாத பியெரோகி சாப்பிட வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. கம்யூனிசத்தை விட்டு வெளியேறிய நாடுகளிலேயே சந்தைக்குள் மிக வேகமாகக் குதித்தது போலந்து. ஒரே நாளில் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள், மானியங்களை வெட்டினார்கள், தொழிற்சாலைகளை மூடினார்கள். அப்படிப்பட்ட நாடு, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பாலாடைக்கட்டி உருண்டைக்கு ஏன் இன்னும் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறது?

பலரும் சொல்லும் பதில், இது கம்யூனிச காலத்து மிச்சம், ஒரு ஞாபகார்த்தம் என்பது. அது பாதிதான் சரி. பால் பாரைக் கம்யூனிஸ்டுகள் கண்டுபிடிக்கவில்லை. வார்சா ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்த 1896-இல், நகரின் நடுவில் இருக்கும் நோவி ஷ்வியாட் தெருவில், மாட்டுப் பண்ணை வைத்திருந்த ஒரு நிலக்காரர் முதல் கடையைத் திறந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த கம்யூனிஸ்ட் அரசு அதைப் பிடித்துக்கொண்டு நாடு முழுக்கப் பரப்பியது. ஆலையில் உணவுக்கூடம் இல்லாத தொழிலாளி, குமாஸ்தா, மாணவன் எல்லோருக்கும் சூடான சாப்பாடு. இறைச்சிக்கு எப்போதும் தட்டுப்பாடு இருந்த நாட்டில், இறைச்சி இல்லாத சாப்பாட்டைப் பரப்புவது அரசுக்கும் வசதியாகத்தான் இருந்தது.

அந்த அரசைக் கடைசி வரை உலுக்கியதும் சாப்பாட்டு விலைதான். 1970 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு உணவு விலையை ஏற்றினார்கள். க்டான்ஸ்க், க்டினியா, ஷ்செச்சின் துறைமுக நகரங்களில் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். ராணுவம் சுட்டது. கட்சித் தலைவர் கோமுல்கா பதவி இழந்தார். 1976 ஜூனில் மறுபடி ஏற்றினார்கள். ராடோமிலும், வார்சாவை ஒட்டிய உர்சூஸ் டிராக்டர் ஆலையிலும் வேலைநிறுத்தம், ரயில் பாதை மறியல். மறுநாளே விலையேற்றத்தை வாபஸ் வாங்கினார்கள், அப்புறம் தொழிலாளர்களைப் பிடித்து அடித்தார்கள். 1980 ஜூலையில் இறைச்சி விலை. அதில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஆகஸ்டில் க்டான்ஸ்க் லெனின் கப்பல் கட்டும் தளத்துக்கு வந்து, தொழிலாளர் தலைவர் லேக் வலேசாவையும் சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தையும் உலகத்துக்குக் காட்டியது. அத்தோடு, கோமுல்காவுக்குப் பின் வந்த கட்சித் தலைவர் கியெரெக்கும் போனார். 1981 டிசம்பர் 13-இல் ராணுவச் சட்டம் வந்தது. ரேஷன் அட்டைக்கு இறைச்சி, வெண்ணெய், அரிசி எல்லாம் ஏற்கெனவே வந்தாகிவிட்டது.

எங்கள் அலுவலகத்தில் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி இருக்கிறார், எனக்கு மேலதிகாரி. எண்பதுகளில் அவர் பள்ளிக்கூடப் பிள்ளை. கழிப்பறைக் காகிதச் சுருள் கடைக்கு வந்த அன்று, அவருடைய அம்மா ஒரு கயிற்றில் பத்துச் சுருளைக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாராம், தெருவே நின்று எங்கே கிடைத்தது என்று கேட்டதாம். கடையில் எப்போதும் தவறாமல் கிடைத்த ஒரே பொருள் வினிகர் என்பார். அவரைப் பால் பாருக்கு எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன், வரமாட்டார். "நீங்கள் போங்கள், உங்களுக்கு அது சாப்பாடு. எனக்கு அது வரிசை" என்றார் ஒருமுறை. அவருக்கு ஜப்பானிய உணவகம்தான் பிடிக்கும். அவர் பக்க நியாயத்தையும் நான் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

1989 ஜூனில் இரண்டு சுற்றாக நடந்த தேர்தலில், போட்டிக்குத் திறந்துவிட்ட 161 கீழவை இடங்கள் அனைத்தையும், 100 செனட் இடங்களில் 99-ஐயும் சாலிடாரிட்டி வென்றது. ஆகஸ்டில் மசோவியெட்ஸ்கி பிரதமரானார். கஜானா காலி, வெளிநாட்டுக் கடன் ஏறக்குறைய 4,000 கோடி டாலர், விலைவாசி அக்டோபர் மாதத்தில் மட்டும் 50 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. நிதியமைச்சர் லெஷெக் பால்செரோவிச் போட்ட திட்டம் 1990 ஜனவரி 1-இல் அமலுக்கு வந்தது. அந்த ஒரு மாதத்தில் விலைகள் ஏறக்குறைய 80 சதவீதம் எகிறின. ஒரு டாலர் 9,500 ஸ்லோட்டி (அன்றைய பழைய ஸ்லோட்டி) என்று நிறுத்தி வைத்தார்கள். அரசு ஆலைகள் கூலியை வரம்புக்கு மேல் உயர்த்தினால் தண்டவரி. உண்மைக் கூலி அந்த ஆண்டு ஏறக்குறைய கால்பங்கு சரிந்தது. வேலையின்மை என்ற சொல்லையே அதிகாரபூர்வமாக அறியாத நாட்டில், 1993 வாக்கில் அது 16 சதவீதத்தைத் தொட்டது.

1970-இலும் 1980-இலும் இதைவிடச் சிறிய விலையேற்றத்துக்கே கட்சித் தலைவர்கள் கவிழ்ந்தார்கள். 1990-இல் மக்கள் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். ஏற்றியவர்கள் நம்மவர்கள் என்ற எண்ணம் ஒரு காரணம். இன்னொரு காரணம், கடையில் பொருள் வந்தது. வரிசை மறைந்தது, சாமான் இருந்தது, காசுதான் இல்லை. என் மேலதிகாரியின் அப்பா வேலை பார்த்த ஆலையும் அப்போது ஆள்குறைப்பு செய்தது. வாழைப்பழம் கடை ஜன்னலில் குவிந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார் என்கிறார்.

அந்த நேரத்தில் தெருவில் அண்டா வைத்துச் சூப் ஊற்றியவர் ஒரு அமைச்சர். தொழிலாளர் நலத்துறையின் யாட்செக் கூரோன். 1976-இல் அடிபட்ட ராடோம், உர்சூஸ் தொழிலாளர்களுக்காக வக்கீலும் பணமும் திரட்டிய குழுவை அமைத்தவர்களில் ஒருவர். பழைய ஆட்சியில் பல ஆண்டு சிறையில் இருந்தவர். சட்டை எப்போதும் ஜீன்ஸ் துணியில்தான். தொலைக்காட்சியில் வாரம் ஒருமுறை வந்து, என்ன நடக்கிறது, ஏன் வலிக்கிறது என்று ஜனங்களுக்குப் புரிகிற மொழியில் பேசுவார். அந்தச் சூப்புக்கும் வேலையில்லாதோர் உதவித்தொகைக்கும் அவர் பெயரையே வைத்துக் கூரோனியூவ்கா என்று சொல்ல ஆரம்பித்தார்கள், இன்னும் சொல்கிறார்கள். பால்செரோவிச் கணக்கு சரியாக இருந்ததா என்று போலந்துக்காரர்கள் இன்றும் மேஜையைத் தட்டிச் சண்டை போடுவார்கள். கூரோனே பின்னாளில் அந்தச் சீர்திருத்தத்தில் தன் பங்கைக் கடுமையாக விமர்சித்தார். சூப்பைப் பற்றி யாரும் சண்டை போட்டு நான் கேட்டதில்லை.

என் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: பால் பார் மானியம் பழைய ஆட்சியின் எச்சம் இல்லை. புதிய ஆட்சி, தன்னால் கீழே விழுந்தவர்களுக்குத் தெரிந்தே எழுதிவைத்த செலவுக் கணக்கு. அதை வெட்டும் பேச்சு பலமுறை வந்தது, குறைக்கவும் செய்தார்கள். பெரும்பாலான கடைகள் மூடிவிட்டன. இன்று நாடு முழுக்க நூற்றுச் சொச்சம்தான் மிச்சம். ஆனால் முழுதாக அடிக்க எந்த நிதியமைச்சருக்கும் கை வரவில்லை.

சாப்பிடுகிறவர்களைப் பார்த்தாலே இது தெரியும். காலையில் ஓய்வூதியம் வாங்கும் பாட்டிகள், கோட்டைக் கழற்றாமல் சூப் குடிப்பார்கள். மதியம் சட்டை டை போட்ட அலுவலகக் கூட்டம், பல்கலைக்கழகப் பிள்ளைகள், கட்டட வேலைக்காரர்கள். அப்புறம் சைக்கிள் பையைத் தரையில் வைத்துவிட்டு அவசரமாகச் சாப்பிடும் உணவு விநியோகப் பையன்கள். அவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. அடுத்தவருக்குப் பிட்ஸா கொண்டுபோகிற வழியில் இங்கே பியெரோகி. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உக்ரைன் பெண்கள் இப்போது நிறைய.

எங்கே போகலாம்? நகரத்தின் நடுவில், நோவி ஷ்வியாட்டில் இருக்கிற ஃபமிலிய்னி எனக்குப் பிடிக்கும். அங்கிருந்து சில நிமிடம் நடந்தால், யெரோசொலிம்ஸ்கியே சாலை முனையில் ஒரு பெரிய வெள்ளைக் கட்டடம் வரும். கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையகமாக இருந்தது அது. 1991 ஏப்ரலில் அதே கட்டடத்தில் பங்குச் சந்தையைத் திறந்தார்கள், முதல் நாள் பட்டியலில் ஐந்தே கம்பெனிகள். பழைய நகரச் சுவரைப் பார்க்கப் போகிறவர்களுக்குப் போட் பர்பகானெம் என்ற பால் பார் கை நீட்டும் தூரம். கோட்டை வாசலைப் படம் எடுத்துவிட்டு அப்படியே போய் வரிசையில் நிற்கலாம்.

மார்ஷல்கோவ்ஸ்கா தெருவில் ப்ரஸோவி என்று ஒன்று, 1954-இல் ஆரம்பித்தது. 2011 இறுதியில் அதை மூடினார்கள். உடனே சில இளைஞர்கள் உள்ளே புகுந்து, தாங்களே சமைத்து, வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறினார்கள். போலீஸ் வந்து அவர்களை வெளியே அனுப்பியது. ஆனால் விஷயம் ஊர் முழுக்கப் பேச்சாகி, 2013-இல் அந்த இடம் மறுபடி பால் பாராகவே திறந்தது. இன்று பளிச்சென்று, புது விளக்குகளோடு இருக்கிறது. பழசு மாதிரி இல்லையே என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். பிசுபிசுத்த மேஜையில் கையை வைத்தால்தான் சரித்திரம் தெரியும் என்று நினைக்கிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொரு வகைக் கடை பெருகிவருகிறது: சுவர் முழுக்கப் பழைய செய்தித்தாள், லெனின் சிலை, ரேஷன் அட்டை வடிவில் மெனு. சுற்றுலாப் பயணிகளுக்கானது. பியெரோகி விலை இரண்டு மடங்கு, மானியமும் கிடையாது, பாட்டிகளும் கிடையாது. தவிர்த்துவிடுங்கள்.

குறைகள் இருக்கின்றன. சிரித்த முகத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். காசாளர் அம்மாவுக்குப் பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள், நீங்கள் பட்டியலை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தால் அவருக்குக் கோபம் வரும். ஆங்கிலம் பல கடைகளில் உதவாது. முன்பே முடிவு செய்து, காகிதத்தில் எழுதிக் காட்டினால் வேலை நடக்கும். சூப்பில் உப்பு நாளுக்கு நாள் மாறும். இரண்டு மணிக்கு மேல் போனால் காய்ந்த ப்ளாட்ஸ்கிதான். சாயங்காலம் சீக்கிரமே மூடிவிடுவார்கள், ஞாயிறு பல இடங்களில் விடுமுறை. காரம் என்பது அறவே கிடையாது. ஊறுகாய் பாட்டிலைப் பையிலிருந்து எடுத்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், வேடிக்கை மட்டும் பார்ப்பார்கள்.

செலவு: ஒரு சூப், ஒரு சைவப் பதார்த்தம், ஒரு கொம்பொட் பழரசம் எல்லாம் சேர்த்து எனக்கு 30 ஸ்லோட்டியைத் தாண்டியதில்லை. ஒரு ஸ்லோட்டி ஏறக்குறைய 20-லிருந்து 25 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வார்சாவில் ஒரு நல்ல காபிக்கும் கேக்குக்கும் இதே காசு ஆகிவிடும்.

புதிதாகப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை: பன்னிரண்டு மணிக்கு முன்னால் போங்கள், ஸ்க்வார்கி இல்லாத ரூஸ்கியே ஒரு தட்டு, வெள்ளரிக்காய் ஒன்று, கெஃபிர் ஒரு டம்ளர். வயிற்றில் இடமிருந்தால் லெனிவேயைக் கூட வந்தவரோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள். சில்லறை கொண்டுபோங்கள், மூன்று க்ரோஷைக் கூட எண்ணித் திருப்பித் தருவார்கள்.